மூன்றாம் முறை வாசித்தபோது

முழங்கால் தேய்ந்த என் வயதுக்காரர்களே, ஞாயிறுப் பள்ளியில் என்னோடு ஒரே பாயில் இருந்து ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்களே, நமது பங்கின் வட்ஸ்அப் குழுவில் வந்த அறிவித்தல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்ததற்கு அடையாளமாகக் கும்பிடும் கையை அனுப்பியும் இருப்பீர்கள். சேமக்காலையில் கல்லறைகளைச் சுற்றிப் புல் வெட்டும் சிரமதானம். மாதர் சங்கத்தின் பலகாரச் சந்தை. அறுவடைத் திருநாள் ஆராதனை, அது முடிய ஏலம். மூத்தோருக்கு இலவச நீரிழிவுப் பரிசோதனை, ஏலத்தில் தொதல் தின்ற பிறகு செய்வார்கள் போலும். கடைசியாக இரண்டு விடயங்கள்: பங்கு மண்டபத்துக்கு முன்னாள் மக்கள் வார்டனின் பெயரைச் சூட்டுவது, அன்றைய பவனியில் பிடித்துச் செல்ல, காணாமற்போன பழைய வார்டன் கோல் யாரிடமாவது இருந்தால் தந்துதவும்படி கேட்பது.

கோல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வார்டனைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் அரசாங்கக் கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவள். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு என்பது என் மதம். அங்கிலிக்கன் என்பது அதற்கு அடுத்தது. மண்டபத்துக்குப் பெயர் வைக்கவும் நமது பங்கில் நடைமுறை உண்டு. விவாக அறிவித்தலைப் போலவே அதையும் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர் எழுந்து சொல்லலாம். இரண்டு முறை வாசித்தாகிவிட்டதாம். அந்த இரண்டு ஞாயிறும் நான் கண்ணில் சத்திரசிகிச்சைக் கட்டோடு வீட்டில் கிடந்தேன். நீங்கள் கிடக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தீர்கள். ஆகவே, நீங்கள் மறந்துவிட்டதாகச் சொல்லும் அந்த அறுவடைக் காலத்தை எழுதிவைக்கிறேன்.

அப்போது நமது கோயிலுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. வாவிப் பக்கத்து யன்னல்கள் திறந்திருக்கும். வாவியை நாம் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றுச் சேற்றின் மணமும், கூரைக்குள் வௌவால் இட்ட எச்சத்தின் மணமும், பெண்களின் தலையில் வைத்த தேங்காயெண்ணெயும் கலந்து வரும் காற்றில்தான் நாம் பரிசுத்த ஆவியைச் சுவாசித்தோம். அறுவடைத் திருநாளுக்கு முந்திய கிழமைகளில் அதோடு சேவல் இரத்தமும் சேரும். காணிக்கையாக வந்த சேவல்களைக் குருமனைப் பின்வளவில் கட்டிவைப்பார்கள். அவை ஒன்றையொன்று கொத்திக் கண்ணைப் பிடுங்கும். ஆண்பிள்ளைகள் சுற்றி நின்று கூச்சலிடுவார்கள். ஞாயிறுப் பள்ளி ஆசிரியர் வந்து சேவல்களைப் பிரித்துவிட்டுப் பிள்ளைகளை அடிப்பார். இதுதான் ஒழுங்கு.

கோயில் காரியங்களைப் பார்க்க இரண்டு வார்டன்கள் இருந்தார்கள். ஒருவரைக் குருவானவர் நியமிப்பார். மற்றவரைச் சபை கூடித் தெரிவு செய்யும். அவர்தான் மக்கள் வார்டன். ஆளுக்கொரு கருங்காலிக் கோல். குருவின் வார்டனுடைய கோலின் உச்சியில் பித்தளையால் ஆயரின் தொப்பி. மக்கள் வார்டனுடையதில் பித்தளையால் அரச முடி. பவனியில் முன்னே பிடித்துச் செல்வதற்காகச் செய்தவை. எங்கள் மக்கள் வார்டன் தன்னுடையதை மக்கள் மேல் பாவித்தார். ஆராதனையில் கதைத்த பிள்ளையின் உச்சியில் முடியால் ஒரு குட்டு. என் தலையைத் தடவிப் பார்த்தால் அந்த மேடு இன்னும் தட்டுப்படும். ஒருமுறை மணியடிப்பவர் பிந்தி மணியடித்தார் என்று பவனி போகும்போதே அவருடைய கெண்டைக்காலில் ஓங்கி அடித்தார். மணியடிப்பவர் முழங்காலில் விழுந்தார். பவனி அவரைச் சுற்றிக்கொண்டு போனது. பாடல் ஒரு சுரமும் பிசகவில்லை.

"கண்டிப்பான மனுசன்" என்றார்கள் பெரியவர்கள். ஆற்றங்கரை வயல் வட்டையில் பாதி அவருடையது. வயல் அளவு பெருகப் பெருக அடியும் கண்டிப்பாகிவிடும் என்பதை நான் அப்போது அறியவில்லை.

அவருடைய மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இறந்தாள். அப்படித்தான் சொன்னார்கள். அவள் நற்கருணைக்கு வரும்போதெல்லாம் முக்காட்டை ஒரு பக்கமாக இழுத்து விட்டிருப்பாள். எந்தக் கிழமை எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் நாங்கள் பந்தயம் கட்டுவோம். அவள் விழுந்த காலையில் அந்த வளவிலிருந்து வந்த சத்தம் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்டது. எங்கள் அம்மா எழுந்து போய் எங்கள் வீட்டு யன்னலைச் சாத்தினார்.

உடலைக் குளிப்பாட்டப் போன பெண்களில் அம்மாவும் சின்னம்மாவும் இருந்தார்கள். சின்னம்மா அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். அதிகம் கதைக்கமாட்டாள். கதைக்காததால் அவளுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று ஊர் முடிவு செய்திருந்தது. திரும்பி வந்து இருவரும் பின்வளவில் கை கழுவினார்கள். சின்னம்மா கேட்டாள்:

"வழுக்கி விழுந்தவக்குக் கழுத்தில என்னக்கா விரல் அடையாளம்?"

அம்மா ஈரக் கையாலேயே அவளுடைய வாயில் அறைந்தார். "ஒண்டும் இல்ல. நீ ஒண்டையும் காணல்ல."

"நீங்களும் கண்டீங்கதானே?"

இரண்டாவது அறை விழுந்தது. பிறகு அம்மா குந்தியிருந்து அழுதார். இறந்தவளுக்காகவா தங்கைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. அடி போட்டவர் அழுவதைக் கண்டது அதுதான் முதல் தடவை.

வருடம் திரும்பவில்லை, வார்டன் சின்னம்மாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். அப்பா தூரத்தில் வேலையில் இருந்தார். இருந்திருந்தாலும் எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சொல்தான் சொல். மாமா அன்றே சம்மதித்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். சின்னம்மாவுக்கென்று மாமா கட்டிக்கொண்டிருந்த வீடு கூரையில்லாமல் நின்றது. கூரைக்கு ஓடு தானே போடுவதாக வார்டன் சொன்னார். தன் வளவுக் கிணறு ராசியில்லாததால் புது வீட்டுக்கு வருவதுதான் தனக்கும் நல்லது என்றார். இதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர்கள் பேசி முடித்தது இதுதான்: அந்த மனுசனுக்கு வீடு சரியில்லை, அமைதியான பெண் ஒன்று கிடைத்தால் அவரும் அமைதியாவார். அடுப்பைத் தணிக்க இன்னொரு விறகு.

மாமா வீட்டுச் சுவரில் ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு திருக்கை மீன் வால் தொங்கும். காய்ந்த வால், முள்ளெடுத்து எண்ணெய் பூசியது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சின்னம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டனாம் எண்டு அக்காட்டச் சொன்னியாம்?"

"ஓம் அண்ணன். மாட்டன்."

"ஏன்கா? அவருக்கென்ன கொறச்சல்?"

"அவருக்கு ஒரு கொறச்சலும் இல்ல. அவள்ற கழுத்த நான் கண்டனான்."

வால் விழும்போது சத்தம் முன்னே வரும், அடி பின்னே வரும். முதுகில் சட்டை கிழிந்து அதன் கீழே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் அது சிவந்து பொங்கியது. நெல் முற்றமெல்லாம் சிதறியது. அவள் கத்தவில்லை. சுளகை மட்டும் விடவில்லை. முன்னால் பிடித்தபடி நின்றாள். மாமாவின் கை ஓய்ந்தபோது, "முடிஞ்சிதா? நெல்லப் பொறுக்கோணும்" என்றாள். மாமா மறுபடி தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு விவாக அறிவித்தலின் முதல் வாசிப்பு. உங்களுடைய பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஆராதனையில் வரப்போகும் நிகழ்ச்சிகளை அறிவிக்கும்போது, மணம் முடிக்க இருப்பவர்களின் பெயரையும் குருவானவர் வாசிப்பார். இந்த இருவரும் இணையக்கூடாதென்பதற்கு நியாயமான தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் சொல்லலாம் என்று கேட்பார். ஒரு மூச்சளவு நிறுத்துவார். பிறகு சங்கீதம். எங்கள் குருவானவர் யாழ்ப்பாணத்தார். நிறுத்தும் அந்த மூச்சில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது அவருடைய வழக்கம். ஏலத்துக்கு அன்னாசி கொண்டுவருவோரைப் பற்றியும், மாதர் சங்கம் தைக்கும் திரைச்சீலைகளைப் பற்றியும் சொல்லிவிட்டுச் சின்னம்மாவின் பெயரை வாசித்தார். கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

சின்னம்மா என் பக்கத்தில் இருந்தாள். தலையைத் திருப்பி, சபையார் இருந்த ஒவ்வொரு வாங்காகப் பார்த்தாள். குளிப்பாட்ட வந்த பெண்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். பின் வாங்கில் இறந்தவளின் தாய் இருந்தாள். மகளை இழந்த பிறகும் வார்டனின் வளவில்தான் அவளுக்கு ஒதுக்குக் குடிசை. எல்லோரும் செபப் புத்தகத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது ஞாயிறும் அதே. அவள் பார்த்தாள், நாம் புத்தகத்தைப் பார்த்தோம். பெண் இப்போது சபையில் தலை நிமிர்ந்து பார்க்கிறாள், மனம் மாறிவிட்டது என்று மாமா அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் அவசரப்பட்டார். ஓடு போட்டாகிவிட்டது. திருமணத்துக்கு முன்பே குடிபூரலை வைத்து, குருவானவரைக் கொண்டு வீட்டை ஆசீர்வதித்து, பால் பொங்கி, வீட்டு உறுதியையும் கதவுத் திறப்பையும் சின்னம்மாவின் கையில் கொடுத்தார். ஊர் பார்க்கக் கொடுத்தார். வார்டன் கதவுகளின் மரத்தைத் தட்டிப் பார்த்து, "நல்ல முதிரை" என்றார்.

மூன்றாவது ஞாயிறுதான் அறுவடைத் திருநாள். பீடத்தைச் சுற்றி நெற்கதிர், வாழைக்குலை, இளநீர், பெரியகல்லாற்றுச் சனம் கொண்டுவந்த நண்டுக் கூடை. நண்டுகள் கூடைக்குள் ஒன்றையொன்று நெரித்துக் கொண்டிருந்தன. குருவானவர் வாசித்தார், கேட்டார், கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியும்" என்று சின்னம்மா எழுந்தாள்.

குருவானவர் கண்ணாடியில்லாமல் தேடினார். "ஆரது?"

"நான்தான் ஐயா."

"பிள்ளை, நீர் கலியாணப் பொம்பிளையல்லோ? இரும். பிறகு உள்ளை வந்து கதையும்."

"தடை தெரிஞ்ச ஆக்கள் சொல்லச் சொன்னீங்க. எனக்குத் தெரியும். அவள் வழுக்கி விழல்ல. நான் குளிப்பாட்டினனான். கழுத்தில விரல் அடையாளம் இரிந்திச்சு. என்ட அக்காவும் கண்டவ. இஞ்ச இரிக்கிற பொம்புளயள் கனபேர் கண்டவங்க."

பிற்காலத்தில் விவாக அறிவித்தல் சட்டங்களையெல்லாம் தேடிப் படித்தேன். தகப்பன் ஆட்சேபித்தால் என்ன செய்வது, முன்னைய கணவன் வந்து நின்றால் என்ன செய்வது, எல்லாம் உண்டு. மணப்பெண்ணே எழுந்து நின்றால் என்ன செய்வது என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

வார்டன் ஆவேசமாக ஓடி வரவில்லை. யன்னல் சாத்த வருபவர் போல நடுவழியால் நிதானமாக வந்தார். கோலை இரண்டு கையாலும் தூக்கினார். சின்னம்மா இடது கையை உயர்த்தினாள். எலும்பு முறியும் சத்தத்தைப் பச்சை விறகு முறிவதோடு ஒப்பிடுவார்கள். அப்படியல்ல, அது சின்னச் சத்தம், ஈரமானது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதை அவள் குனிந்து விலகினாள். கோல் வாங்கின் விளிம்பில் பட்டு இரண்டாக முறிந்தது. முடி வைத்த பாதி உருண்டு நண்டுக் கூடையில் முட்டி நின்றது. அதற்குள் மாமா அவளுடைய கொண்டையைப் பிடித்துத் தரையில் இழுத்தார். வெள்ளைச் சேலை முழுக்க இரத்தம்; நெற்றி எப்போது பிளந்தது என்று நான் காணவில்லை. குருவானவர் இரண்டு கையையும் உயர்த்தி "ஒழுங்கு, ஒழுங்கு" என்றார். ஆர்மோனியம் வாசிப்பவர் பயத்தில் அறுவடைப் பாட்டைத் தொடங்கிவிட்டார். சபை எழுந்து பாடியது. ஓம், பாடினோம். உங்களில் சிலருக்கு நல்ல குரல்.

நான் மாமாவின் கையைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன். சாகும்வரை அவர் அந்தத் தழும்பை நாய்க்கடி என்றுதான் சொன்னார். அவர் கொண்டையை விட்ட அந்த நேரத்தில் சின்னம்மா எழுந்தாள். தொங்கிய கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் முடி வைத்த பாதியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். நேரே புது வீட்டுக்குப் போனோம். கதவைச் சாத்தி, குறுக்குச் சட்டம் போடும் கொளுக்கிகளில் அந்தப் பாதிக் கோலைத் தாழாகக் கொடுத்தாள். பித்தளை முடி கொளுக்கியில் மாட்டி நின்றது. ஒரு தச்சன் அளவெடுத்துச் செய்தாலும் அப்படி அமையாது.

மாமா கோடரியோடு வந்தார்.

"திறகா! திறக்காட்டிப் பிளப்பன்!"

"பிளவுங்க. நல்ல முதிரை, கன நேரம் எடுக்கும்." சின்னம்மா சுவரில் சாய்ந்து இருந்தாள். பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. "உங்கட கையாலதான் அண்ணன் திறப்பத் தந்தீங்க. ஊரே பாத்தது. என்ட வீடு. போங்க."

முதல் வெட்டு கதவின் மேல் பலகையில் இறங்கியது. இரண்டாவது விழவில்லை. யன்னல் இடுக்கால் பார்த்தேன். இறந்தவளின் தாய் வந்து வாசற்படியில் காலை நீட்டி இருந்தாள். மடியில் மீன் வெட்டும் கத்தி.

"எழும்புங்க ஆத்த, வெட்டுப் படப்போகுது" என்றார் மாமா.

"படட்டும் மனே. எனக்கு இனிக் கிடக்கிற என்ன? என்னக் கடந்து கதவ வெட்டு. கடக்கக்குள்ள கால் பத்திரம்."

மாமா நின்றார். கோடரியை மாற்றி மாற்றிப் பிடித்தார். பிறகு ஊரைப் பார்த்து ஏசிக்கொண்டே போய்விட்டார். அந்தத் தாய் கதவுக்கு முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்:

"ரெண்டு கிழமையும் நான் எழும்பியிருக்கோணும் புள்ள."

"ரெண்டு கிழமையும் உங்களத்தான் பாத்துக்கொண்டிருந்தன்" என்றாள் சின்னம்மா உள்ளேயிருந்து.

அன்று முதல் அந்தத் தாய் அந்த வீட்டில்தான் இருந்தாள். சாகும்வரை.

முறிவு வைத்தியர் கட்டிய கை வளைந்தே பொருந்தியது. பொலிசுக்கு ஒருவரும் போகவில்லை. சபைக் கூட்டம் கூடி, ஆராதனை ஒழுங்கு குலைந்ததற்கு வருத்தம் தெரிவித்தது. யார் குலைத்தது என்று குறிக்கவில்லை. அடுத்த தெரிவில் வார்டன் போட்டியின்றி வந்தார். சின்னம்மா அதே கோயிலுக்கு, அதே வாங்குக்கு ஒவ்வொரு ஞாயிறும் போனாள். அவர் காணிக்கைத் தட்டை நீட்டுவார். அவள் வளைந்த கையால் வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பாள்.

ஒருமுறைதான் அவர் மறுபடி முயன்றார். தன்னாமுனைப் பக்கத்திலிருந்து ஒரு பெண். பெயர் வாசிக்கப்பட்டது. குருவானவர் கேட்டு முடிக்குமுன் சபை முழுவதும் சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள். முன் வாங்கின் சாய்வில் அந்தக் கையை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். பெண்ணின் தகப்பன் குடையை எடுத்துக்கொண்டு மகளோடு வெளியேறினார். அதற்குப் பிறகு வார்டனின் பெயர் விவாக அறிவித்தலில் வரவேயில்லை.

பிறகு யுத்தத்தில் இந்தக் கரையில் நடந்தவற்றுக்கு முன்னால் இது சின்ன விடயம் என்பீர்கள். நாம் எல்லோரும் ஆளுக்கொரு பிணம் எடுத்தவர்கள்தான். ஆனால் ஷெல் அடித்தவனின் பெயரை நமது மண்டபத்துக்கு வைக்க ஒருவரும் பிரேரணை கொண்டுவரவில்லை. மண்டபத்து நிலம் வார்டன் கொடுத்தது, உண்மை. அந்த நிலத்தில் ஒரு கிணறு இருந்ததும் அதைத் தூர்த்த பிறகுதான் அத்திவாரம் போட்டதும் உண்மை.

நேற்று முன்தினம் பங்குச் செயலாளரும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இருவரும் சின்னம்மாவிடம் வந்தார்கள். நான் அங்கேதான் இருந்தேன். எண்பது கடந்துவிட்டாள், தனியே இருக்கிறாள். கதவில் கோடரி வெட்டு இன்னும் இருக்கிறது, வருடா வருடம் வார்னிஷ் பூசுகிறாள். கோல் அவளிடம் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கதவில் தாழாகக் கிடந்த கோலைப் பார்த்ததும் செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு காலமும் பத்திரமா வச்சிருக்கீங்களே அம்மா! பித்தளை எப்படி மின்னுது!"

"புளி போட்டுத் தேய்க்கிறனான் மனே."

"ஐயாட ஞாபகமாத்தான் வச்சிருக்கீங்க போல."

"ஓம். அவர்ர ஞாபகம்தான்."

"எங்களுக்குத் தாறீங்களா? விழாவுக்கு வேணும்."

"எப்ப மூண்டாந்தரம் வாசிக்கிறீங்க?"

"வாற ஞாயிறு அம்மா. அது சும்மா ஒரு முறைக்கு. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப ஞாயிறு நானே கொண்டுவாறன்."

பிள்ளைகள் மகிழ்ந்து கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். படம் குழுவில் வந்தது. நீங்களும் கும்பிடும் கை அனுப்பினீர்கள். ஆகவே சொல்கிறேன், அறிவித்தல்கள் பிரசங்கத்துக்கு முந்தியவை. வழக்கமாகப் பிரசங்கத்துக்கு வந்து சேர்கிறவர்கள் இந்தமுறை வெள்ளணவே வந்துவிடுங்கள். இருக்கிற வாங்கிலிருந்து எழும்புவதற்கு நமது வயதில் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அவர்கள் போனபின் சின்னம்மா கோலைக் கொளுக்கியிலிருந்து எடுத்து, ஊன்றி நடந்து பார்த்தாள். உயரம் சரியாக இருந்தது.

"அதக் கொண்டுபோனா கதவுக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்குத் திறந்து கிடக்கட்டும்கா" என்றாள்.